லாக்டிக் அமிலத்தைத் தூய்மையாக்குவதில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருபத்தைந்து வயது கடந்த செம்பனை மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, அடிமரங்களைத் துண்டுபோட்டுத் தோட்டத்திலேயே மக்க விடுகிறார்கள். அந்த அடிமரத்தைப் பிழிந்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதில் குளுக்கோஸ்தான் மிகுதி. கூடவே சுக்ரோஸும் ஃபிரக்டோஸும் இருக்கும். வெட்டிய மரத்தைச் சில வாரங்கள் கிடத்திவைத்தால், உள்ளிருக்கும் மாவுப்பொருள் சிதைந்து சர்க்கரை இன்னும் கூடும். உரமாகப் போகும் மரத்திலிருந்து லாக்டிக் அமிலம் எடுக்கலாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எடுத்த அமிலத்தைத் தூய்மையாக்கி, விலைபோகும் பொருளாக மாற்றுவதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

ஈப்போவில் பாலிடெக்னிக் படிப்பை முடித்துவிட்டு, எங்களைப் போன்ற சிறிய சோதனைக் கொட்டகைகளுக்கு வேலைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சமன்பாடுகளை அவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் இரவு ஷிஃப்டில் தொட்டி கறுத்துப்போனால் முதலில் எதைச் சோதிப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் பாதை பழையது. சுவீடன் வேதியியலாளர் ஷீலே 1780இல் புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தபோதும், 1881இல் அமெரிக்காவில் வணிக உற்பத்தி தொடங்கியபோதும் சுண்ணாம்புதான் துணை. சாற்றின் சர்க்கரையைத் தின்று பாக்டீரியா அமிலத்தைச் சுரக்கச் சுரக்கச் சாறு புளித்துப் பாக்டீரியாவே செயலிழக்கும். அதனால் கால்சியம் கார்பனேட் தூவி அமிலத்தைக் கால்சியம் லாக்டேட்டாகப் பிடித்துவைக்கிறோம். பிறகு சூடாக்கி, சுண்ணாம்புப்பால் சேர்த்து, செல்களை வடிகட்டுகிறோம். கந்தக அமிலம் ஊற்றினால் கால்சியம் ஜிப்சமாக (நீரேறிய கால்சியம் சல்பேட்) இறங்கிவிடும். லாக்டிக் அமிலம் கரைசலில் தனியே நிற்கும். அதைக் கிளர்வூட்டிய கரியிலும் இரண்டு அயனிப் பரிமாற்றத் தூண்களிலும் (நேர்மின் அயனிகளைப் பிடிப்பது ஒன்று, எதிர்மின் அயனிகளைப் பிடிப்பது மற்றொன்று) செலுத்தி, வெற்றிட ஆவியாக்கியில் செறிவூட்டுகிறோம். அதன்பின் எத்தில் லாக்டேட்டாகவோ, இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்த லாக்டைடாகவோ மாற்றுகிறோம்.

ஒரு பழக்கம் இல்லாமல் இந்த வழிமுறை முழுவதும் வீண். ஒவ்வொரு படி முடிந்ததும் நூறு மில்லிலிட்டர் மாதிரியைப் புட்டியில் எடுத்து, படியின் பெயரும் நேரமும் எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவை, கோளாறு கண்ணுக்குத் தெரியும் படியிலிருந்து ஒன்றிரண்டு படிகள் பின்னால் போய்ப் பார்ப்பவை. புட்டி இல்லையென்றால் போய்ப் பார்க்க எதுவுமே இருக்காது.

நொதிச்சாறு வடிகட்டியில் இறங்க மறுக்கிறது

அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். துணியில் படிந்திருப்பதை ஒரு கரண்டி சுரண்டிச் சோதனைக்குழாயில் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குலுக்குங்கள். நான்கு விடைகளில் ஒன்று கிடைக்கும்.

வெந்நீரில் முழுவதும் கரைந்துவிட்டால் அது கால்சியம் லாக்டேட் படிகம். சாறு குளிர்ந்துவிட்டது என்று பொருள். இந்த உப்பு குளிர்ந்த நீரில் அதிகம் கரையாது. நூறு மில்லிலிட்டருக்குச் சில கிராம்தான். சர்க்கரை மிகுந்த சாற்றில் நொதித்தல் நன்றாக நடந்திருந்தால் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். சாயங்கால இடிமழையில் மின்சாரம் போய், சூடேற்றி நின்ற நாளில் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். தொட்டியையும் குழாயையும் வடிகட்டியையும் 70 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால் தீர்ந்தது. தொட்டி மட்டும் சூடாக இருந்து குழாய் குளிர்ந்தால் குழாயில் அடைக்கும். அதை வடிகட்டிக் கோளாறு என்று எண்ணித் துணி மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கரையாமல் நின்று, சில துளி அமிலம் விட்டதும் நுரைத்துக் கரைந்தால் அது மிஞ்சிய கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புத்தூளைத் தேவைக்கு மேல் போட்டிருக்கிறீர்கள், அல்லது நொதித்தல் பாதியில் நின்றிருக்கிறது. சாற்றில் சர்க்கரை மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கரையாமல், நுரைக்காமல், வழவழப்பாக நின்றால் செல்களும் புரதமும். சூடேற்றும் படி சரியாக நடக்கவில்லை. சுண்ணாம்புப்பால் சேர்த்துப் பிஎச்சைப் 10க்கு உயர்த்தி, 80 முதல் 90 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் புரதம் திரண்டு செல்களோடு சேர்ந்து இறங்கும். அதற்குமேல் சுண்ணாம்பும் நேரமும் கொடுக்க வேண்டாம். மிஞ்சிய குளுக்கோஸ் காரத்தில் சிதைந்து சாறு செம்பழுப்பாகிவிடும். அந்த நிறத்தைப் பிறகு கரி முழுவதும் எடுக்காது.

நான்காவதுதான் மோசமானது. வடிநீரே நூல்நூலாக ஒழுகும். அதில் இரண்டு பங்கு எத்தனால் சேர்த்தால் நார்போல ஏதோ திரளும். அது டெக்ஸ்ட்ரான். லியூகோனோஸ்டாக் என்னும் வேற்றுப் பாக்டீரியா புகுந்து, சாற்றிலிருக்கும் சுக்ரோஸை இந்தப் பசையாக்கிவிட்டது. கரும்பாலைகளின் பழைய எதிரி இது. பிழிந்த சாறு வெயிலில் காத்துக்கிடந்தால் வந்துவிடும். டயட்டமைட் போன்ற வடிகட்டு துணைப்பொருள் சேர்த்து அந்தத் தொகுதியை ஒருவாறு கடத்தலாம். உண்மையான தீர்வு, பிழிந்தவுடன் சாற்றைச் சூடாக்கிக் கிருமி நீக்குவது. பிழியும் இயந்திரத்தின் இடுக்குகளையும் வெந்நீரில் கழுவ வேண்டும். கூட்டம் குடியிருப்பது அங்கேதான்.

கந்தக அமிலம் ஊற்றியாயிற்று. லாக்டிக் அமிலம் கணக்குக்கு வரவில்லை

எண்களை முதலில் தாளில் எழுதுங்கள். ஒரு கிலோ லாக்டிக் அமிலம் விடுபட ஏறத்தாழ 545 கிராம் தூய கந்தக அமிலம் வேண்டும். அப்போது ஏறத்தாழ 955 கிராம் ஜிப்சம் இறங்கும். லாக்டிக் அமிலம் ஒரு டன் என்றால் ஜிப்சமும் கிட்டத்தட்ட ஒரு டன். வாங்கிய கந்தக அமிலம் 98 சதவீதமா, நீர்த்ததா என்பதைப் பீப்பாயின் சீட்டில் பாருங்கள். நினைவில் இருப்பதை நம்ப வேண்டாம்.

குறைவுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, வினை முடியும் முன்பே நிறுத்திவிட்டீர்கள். இரண்டு, வினை முடிந்தது, ஆனால் அமிலம் ஜிப்சத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

முதலாவதைப் பிஎச் மீட்டர் சொல்லும், படிக்கத் தெரிந்தால். லாக்டிக் அமிலத்தின் பிகேஏ 3.86. பிஎச் அந்த எண்ணில் நிற்கும்போது பாதி மட்டுமே அமிலம். மறு பாதி இன்னும் உப்பு. பிஎச் 3க்கு வந்ததும் "போதும், நன்றாகப் புளித்துவிட்டது" என்று நிறுத்தினால் எட்டில் ஒரு பங்கு லாக்டேட்டாகவே இருக்கிறது. லிட்டருக்கு ஒரு மோல் அளவிலான கரைசலில் வினை முழுமையடையும்போது பிஎச் 1.9 அளவில் நிற்கும். ஆகவே 2க்கு அருகில் வரும்வரை பொறுமையாகச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் மீட்டரைப் பிஎச் 7, 4 கரைசல்களோடு மட்டும் சரிபார்த்தால் போதாது. 2க்கு அருகில் ஒரு தரக் கரைசலும் வேண்டும். சூடான கரைசலில் மின்முனையை நேரே நுழைக்காமல், மாதிரியைக் குளிரவைத்து அளப்பது நல்லது.

எல்லை தாண்டினாலும் தொல்லைதான். மிஞ்சிய கந்தக அமிலம் எதிர்மின் அயனித் தூணை விரைவில் நிரப்பும். அதைத் தாண்டி ஆவியாக்கிக்குப் போனால் செறிவடைந்து சர்க்கரையைக் கருக்கும். லாக்டிக் அமில மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும். அதனால் பிஎச்சோடு இன்னொரு சாட்சியும் வேண்டும். தெளிந்த வடிநீரை இரண்டு குழாய்களில் எடுங்கள். ஒன்றில் அம்மோனியம் ஆக்சலேட் கரைசல் விட்டால், கால்சியம் இருந்தால் கலங்கும். மற்றதில் பேரியம் குளோரைடு விட்டால், சல்பேட் இருந்தால் கலங்கும். இரண்டும் நஞ்சு, கையுறை கட்டாயம். சிக்கல் என்னவென்றால், ஜிப்சமே லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் நீரில் கரையும். எனவே எல்லையைச் சரியாகத் தொட்ட கரைசலிலும் இரண்டு குழாயும் கொஞ்சம் கலங்கும். புதிதாக வருபவர்கள் இதைக் கண்டு, ஒரு முறை அமிலமும் மறுமுறை சுண்ணாம்பும் மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள். தூய ஜிப்சத்தை நீரில் குலுக்கி வடித்த தெளிநீரை ஒரு புட்டியில் எப்போதும் வைத்திருங்கள். அதன் கலங்கலோடு உங்கள் மாதிரியை ஒப்பிடுங்கள். ஆக்சலேட் குழாய் அதைவிட அடர்த்தியாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை. பேரியம் குழாய் அடர்த்தியாகக் கலங்கினால் அமிலம் மிஞ்சிவிட்டது.

இரண்டாவது இடம், ஜிப்சக் கேக், அதாவது வடிகட்டியில் தங்கும் ஜிப்சக் கட்டி. கந்தக அமிலத்தைக் குளிர்ந்த கரைசலில் விரைவாகக் கொட்டினால் ஜிப்சம் நுண்ணிய ஊசிகளாகப் பிறக்கும். அந்த ஊசிக் குவியல் திரவத்தைப் பஞ்சுபோலப் பிடித்துக்கொள்ளும், பிழிந்தாலும் விடாது. 60 முதல் 70 டிகிரியில், முந்தைய தொகுதியின் ஜிப்சத்தைக் கொஞ்சம் விதையாகப் போட்டு, நீர்த்த கந்தக அமிலத்தை ஒரே சீராக, கலக்கிக்கொண்டே விடுங்கள். படிகம் தடித்து வளரும். கேக் எளிதில் வடியும். நீர்க்கும்போது அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேக்கைச் சிறிது சிறிதாக வெந்நீரால் மூன்று முறை கழுவி, கடைசிக் கழுவுநீரைத் தரம்பாருங்கள் (அளந்த காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தின் அளவைக் காணுங்கள்). அதில் இன்னும் புளிப்பு மிகுந்திருந்தால் குறை எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. கழுவுநீரை வீணாக்காமல் அடுத்த தொகுதியின் சுண்ணாம்புப்பால் கலக்கப் பயன்படுத்தலாம்.

கேக்கை எடைபோட்டுக் கணக்குப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஆய்வகப் பழக்கத்தில் 105 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் ஜிப்சத்தின் படிக நீரே போய்விடும். 955 கிராம் இருக்க வேண்டியது 755 வரை இறங்கிக் காட்டும். வினை முடியவில்லை என்று தவறாக முடிவெடுப்பீர்கள். 45 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள்.

ஆவியாக்கியின் உள்சுவரில் வெள்ளைப் படிவு

கீறி எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். நுரைக்காவிட்டால் ஜிப்சம். கரைந்து வந்த அந்த 2 கிராம்தான், நீர் குறையக் குறைய வெளியே வந்து ஒட்டியிருக்கிறது. ஜிப்சம் 40 டிகிரி அளவில்தான் மிகுதியாகக் கரையும். அதற்கு மேல் சூடு கூடக் கூடக் கரைதல் குறையும். ஆகவே சூடான சுவரில்தான் முதலில் படியும். நேர்மின் அயனித் தூண் வேலை செய்திருந்தால் இது வந்திருக்கக்கூடாது, தூணுக்குப் போங்கள். படிவை அகற்ற, சூடான சோடியம் கார்பனேட் கரைசலில் ஊறவையுங்கள். ஜிப்சம் மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறும். நீரில் அலசிய பிறகு நீர்த்த அமிலம் அதைக் கரைத்துவிடும். சுரண்டினால் எஃகில் கீறல் விழும். அடுத்த படிவு அந்தக் கீறலில்தான் பிடிக்கும்.

கால்சியம் சோதனை தெளிவு. ஆனாலும் சாம்பல் மிகுதி

ஆக்சலேட் குழாய் கலங்கவே இல்லை. தூண் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் அமிலத்தை ஆவியாக்கி எரித்தால் சாம்பல் மிஞ்சுகிறது. செம்பனைச் சாற்றை நம்பி வேலை செய்பவர்களுக்கு இந்த அறிகுறி கட்டாயம் வரும். சோளமாவுச் சர்க்கரையை வைத்து எழுதிய செய்முறைகளில் இதைப் பற்றி அதிகம் இருக்காது.

காரணம் பொட்டாசியம். செம்பனை மண்ணிலிருந்து ஏராளமாகப் பொட்டாசியம் எடுக்கும் மரம். அதற்காகத்தானே தோட்டங்களில் மூட்டை மூட்டையாகப் பொட்டாஷ் உரம் போடுகிறார்கள். அது சாற்றோடு வருகிறது, கந்தக அமிலத்தில் இறங்காது, தூணுக்கு வந்து சேர்கிறது. தூணில் நிரப்பியிருக்கும் வலிய அமில வகைப் பிசின், ஒற்றை மின்னேற்ற அயனிகளைவிடக் கால்சியம் போன்ற இரட்டை மின்னேற்ற அயனிகளை இறுகப் பிடிக்கும். தூண் நிரம்பும்போது பின்னால் வரும் கால்சியம், முன்பே ஒட்டியிருந்த பொட்டாசியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆகவே முதலில் கசிவது பொட்டாசியம். கால்சியம் கசிவது மிகவும் பிந்தித்தான். கால்சியத்தை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் தூண் முடிந்து நெடுநேரம் ஆன பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

சாம்பலைச் சிறிது அமிலத்தில் நனைத்துப் பிளாட்டினக் கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டி, நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பாருங்கள். இளம் ஊதா தெரிந்தால் பொட்டாசியம். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். தூணை நிறுத்தி மீளூட்டும் (பிடித்த அயனிகளை வெளியேற்றிப் பிசினைப் பழையபடி ஆக்கும்) நேரத்தை முடிவுசெய்ய, வெளியேறும் திரவத்தைச் சிறு அளவில் எரித்துச் சாம்பல் பார்ப்பதே நம்பத்தக்கது.

பொட்டாசியம் இல்லையென்றால் மக்னீசியத்தைத் தேடுங்கள். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் செல்வம்; சிம்பாங் பூலாய் பக்கத்திலிருந்து வெள்ளைத்தூள் மூட்டையாக வருகிறது. ஆனால் சுண்ணாம்புக்கல்லில் டோலமைட் கலந்த பகுதிகள் உண்டு. டோலமைட்டில் மக்னீசியம் இருக்கிறது. மக்னீசியம் சல்பேட் நீரில் நன்றாகக் கரையும். ஜிப்சத்தோடு இறங்கவே இறங்காது. மூட்டை வாங்கும்போது வெண்மையைப் பார்த்து வாங்காமல், பகுப்பாய்வுச் சீட்டில் மக்னீசியத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

தூணை மீளூட்டுவதில் இரண்டு குறிப்புகள். கால்சியம் ஏறிய பிசினுக்கு நேரே செறிந்த கந்தக அமிலம் விட்டால் தூணுக்குள்ளேயே ஜிப்சம் கட்டியாகிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலமே பாதுகாப்பு. அலசுவதற்குக் கிணற்று நீர் வேண்டாம். சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் ஓடிவரும் நீரிலேயே கால்சியம் இருக்கிறது. அலசும்போதே பிசினின் ஒரு பகுதியைத் தீர்த்துவிடுவீர்கள்.

எதிர்மின் அயனித் தூணில் தொடக்கத்தில் வெளிவரும் திரவம் புளிப்பற்று இருந்தால் அஞ்ச வேண்டாம். வலுக்குறைந்த கார வகைப் பிசின் முதலில் லாக்டிக் அமிலத்தையே பிடிக்கும். சல்பேட் வர வர அதை விட்டுவிடும். புளிப்பு ஏறும்வரை வருவதைத் தனியே சேர்த்து, அடுத்த சுற்றில் கலந்துகொள்ளுங்கள்.

செறிவூட்டும்போது கறுக்கிறது

ஆவியாக்கிக்குள் தெளிவாகப் போனது தேநீர் நிறத்தில் வருகிறது. வெற்றிடம் சரியில்லாமல் சூடு ஏறியதா என்று முதலில் பாருங்கள். 70 டிகிரிக்குள் நீர் ஓட வேண்டும். அது சரியென்றால் குற்றம் ஆவியாக்கியினுடையது அன்று. மிஞ்சிய சர்க்கரையும் நைட்ரஜன் சத்துகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகின்றன. பாக்டீரியாவுக்கு ஊட்டமாகப் போட்ட ஈஸ்ட் சாறு மிஞ்சினால் நைட்ரஜன் அதிலிருந்து வரும்.

சர்க்கரை முடிந்துவிட்டது என்று சொல்பவரிடம், எப்படிப் பார்த்தார் என்று கேளுங்கள். மருந்துக்கடையில் வாங்கும் குளுக்கோஸ் பட்டை குளுக்கோஸை மட்டுமே காட்டும். செம்பனைச் சாற்றின் ஃபிரக்டோஸும் சுக்ரோஸும் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஃபெலிங் கரைசல் ஃபிரக்டோஸையும் காட்டும். சுக்ரோஸுக்கு, மாதிரியை நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து, நடுநிலையாக்கி, மறுபடி ஃபெலிங் பார்க்க வேண்டும். இரண்டு முறைக்கும் இடையே சிவப்பு வீழ்படிவு கூடினால் சுக்ரோஸ் மிஞ்சியிருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் கீழே இறங்கும்வரை நொதித்தலை நிறுத்தாதீர்கள். சர்க்கரையைக் கரி எடுக்காது. அது எடுப்பது நிறத்தை மட்டும். இன்று கரியில் வெளுத்து வந்த அமிலம், சர்க்கரை உள்ளே இருந்தால் நாளை சூட்டில் மறுபடி பழுப்பாகும்.

நிறம் பழுப்பாக இல்லாமல் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் இரும்பு. எங்கோ ஒரு சாதாரண எஃகுக் குழாய் அல்லது வால்வு இணைப்பில் மாட்டப்பட்டிருக்கிறது. 316 வகைத் துருவேறா எஃகாக மாற்றுங்கள்.

தரம்பார்த்தால் 75 சதவீதம். அடர்த்திமானி அதற்கு மேல் காட்டுகிறது

இது கோளாறே அன்று. ஆனால் இதைக் கோளாறு என்று நினைத்து நல்ல அமிலத்தை மேலும் மேலும் காய்ச்சிக் கெடுத்துவிடுகிறார்கள்.

லாக்டிக் அமில மூலக்கூறு ஒன்றில் அமிலத் தொகுதியும் ஆல்கஹால் தொகுதியும் சேர்ந்தே இருக்கின்றன. நீர் குறையும்போது ஒன்றின் அமிலத் தொகுதி மற்றொன்றின் ஆல்கஹால் தொகுதியோடு இணைந்து எஸ்டராகிறது. அந்த அமிலத் தொகுதி காரத்தின் கண்ணில் படாமல் மறைந்துவிடும். ஃபீனால்ஃப்தலீன் போட்டுத் தரம்பார்க்கும்போது இளஞ்சிவப்பு வந்து, கொஞ்ச நேரத்தில் மங்கினால், இணைந்தவை காரத்தில் மெல்லப் பிரிகின்றன என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

சரியான வழி இரண்டு படி. குளிர்ந்த மாதிரியை விரைந்து தரம்பார்த்து முதல் அளவைக் குறியுங்கள். பிறகு அளந்த அளவு காரத்தை மிகையாகச் சேர்த்து, கொதிநீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் திரும்பத் தரம்பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு கிராம் மாதிரிக்கு ஒரு நார்மல் காரம் நேரடியாக 8.3 மில்லிலிட்டர் செலவானால் 75 சதவீதம் நேர் அமிலம். சூடேற்றியபின் மொத்தம் 9.6 மில்லிலிட்டர் என்று வந்தால் மொத்த அமிலம் 86 சதவீதத்துக்குச் சற்று மேல். விற்பனைச் சீட்டில் எழுத வேண்டியது மொத்த அமிலம். ஒரு மில்லிலிட்டருக்கு 0.090 கிராம் என்ற பெருக்கெண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இணைந்தவை வேண்டாம் என்றால் 50 சதவீதத்துக்குக் கீழே நீர்த்து, 80 முதல் 90 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் பிரிந்துவிடும். லாக்டைடு செய்யப்போகிறவர்களுக்கு அவை வேண்டும். பிரிக்க வேண்டிய தேவை இல்லை.

வாடை

வினிகர் வாடை என்றால் அசெட்டிக் அமிலம். வேற்று லாக்டிக் பாக்டீரியா கலந்திருக்கிறது. ஓரளவு நீராவியோடு போய்விடும். கெட்ட வெண்ணெய் நாற்றம் என்றால் பியூட்டிரிக் அமிலம், குளோஸ்டிரிடியம் புகுந்திருக்கிறது. அதன் கொதிநிலை 164 டிகிரி. ஆவியாக்கியில் முழுவதும் போகாது. அந்தத் தொகுதியைக் காப்பாற்ற முயன்று எல்லாத் தூண்களிலும் நாற்றத்தை ஏற்றாதீர்கள். நிறுத்திவிட்டு நொதிகலத்தைக் கழுவுங்கள். 50 டிகிரியில் வேலை செய்யும் பேசில்லஸ் கோவாகுலன்ஸ் போன்ற இனத்துக்கு மாறினால் வேற்றுக் கிருமிகள் பல அந்தச் சூட்டில் நிலைக்காது. நம் வெயிலில் தொட்டியைக் குளிர்விக்கும் செலவும் குறையும்.

எத்தில் லாக்டேட் வினை பாதியில் நிற்கிறது

லாக்டிக் அமிலத்தை எத்தனாலோடு சூடாக்கினால் எத்தில் லாக்டேட்டும் நீரும் வரும். சாயத்தையும் பிசினையும் கரைக்கும் நல்ல கரைப்பான் இது. கொதிநிலை 154 டிகிரி. வினை இருபுறமும் ஓடக்கூடியது. நீர் உள்ளே இருக்கும்வரை ஓரிடத்தில் சமநிலையாகி நிற்கும். வினையூக்கியைக் கூட்டினால் அந்த இடத்தை விரைவில் அடையலாம், தாண்ட முடியாது. ஆகவே முதல் கேள்வி, நீர் எங்கிருந்து வருகிறது என்பதே. அமிலத்திலேயே பதினைந்து சதவீதம் நீர் இருக்கிறது, வினையிலும் பிறக்கிறது. எத்தனாலை மிகையாகப் போட்டு, ஆவியாகும் எத்தனாலோடு நீரை வெளியேற்றி, உலர்ந்த எத்தனாலைத் திரும்ப விடுவது வழி. எத்தனாலும் நீரும் 95.6 சதவீதத்தில் சேர்ந்தே கொதிப்பதால் வெறும் காய்ச்சி வடித்தலில் அது உலராது. மூன்று ஆங்ஸ்ட்ரம் மூலக்கூற்றுச் சல்லடை வழியாக விடுங்கள். எரியும் ஆவி, சுடர் அடுப்பு அருகில் கூடாது.

நீர் பிரச்சினை இல்லை, முதல் தொகுதி நன்றாக நடந்தது, அடுத்தடுத்து மெதுவாகிறது என்றால் வினையூக்கிப் பிசினைச் சோதியுங்கள். சல்ஃபோனிக் அமில வகைப் பிசினும் ஓர் அயனிப் பரிமாற்றிதான். அமிலத்தில் பொட்டாசியம் மிஞ்சியிருந்தால் பிசினின் ஹைட்ரஜன் ஒவ்வொன்றாகப் போய் அந்த இடத்தில் பொட்டாசியம் அமரும். வினையூக்கி வெறும் உப்பாகிவிடும். பிசினைக் கொஞ்சம் எடுத்து உப்புநீரில் ஊறவைத்து, வெளிவரும் அமிலத்தைத் தரம்பார்த்துப் புதிய பிசினோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிற்று என்று தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மீளூட்டலாம். சாம்பல் பகுதிக்குத் திரும்பிப் போகாமல் மீளூட்டிக்கொண்டே இருப்பது வீண் செலவு. சூடு 120 டிகிரியைத் தாண்டிய பிசின் என்றால் மீளாது, மாற்ற வேண்டும்.

கந்தக அமிலத்தை வினையூக்கியாகப் போட்டவர்கள், காய்ச்சி வடிக்கும் முன் அதை நடுநிலையாக்க மறந்தால் கலத்தின் அடியில் பசை தங்கும். எஸ்டர் குறைந்து வரும். அமிலம் உள்ளே இருக்க, எத்தனால் வெளியேறினால் லாக்டேட்டுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும்.

திரங்கானுவின் கெர்த்தேயில் 2015இல் தொடங்கிய மெத்தியோனின் (ஓர் அமினோ அமிலம்) ஆலையிலும் இதே அடுக்குதான்: நுண்ணுயிர் ஒரு முன்பொருளை மட்டும் செய்கிறது, பிறகு நொதி அதை மெத்தில் மெர்காப்டனோடு சேர்த்து மெத்தியோனினாக மாற்றுகிறது. பெரிய ஆலையோ நம் கொட்டகையோ, மாற்றும் படியின் வேகத்தை அதற்கு முன் வந்த கரைசலின் தூய்மையே தீர்மானிக்கும்.

லாக்டைடு ஒட்டுகிறது, உருகுநிலை குறைகிறது

தூய எல்-லாக்டைடு 95 முதல் 97 டிகிரியில் உருகும். உங்களுடையது கையில் ஒட்டி 80க்குள் இளகினால், முதலில் ஈரமும் மிஞ்சிய அமிலமும் இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த எத்தில் அசெட்டேட்டில் ஒரு முறை மீள்படிகமாக்கிப் பாருங்கள். உருகுநிலை ஏறினால் அதுதான் காரணமாக இருக்கலாம். ஏறாவிட்டால் மீசோ வடிவம் மிகுதியாகக் கலந்திருக்கலாம். லாக்டிக் அமிலத்துக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற எல், டி என்னும் இரு வடிவங்கள் உண்டு; இரண்டிலும் ஒவ்வொன்று சேர்ந்த லாக்டைடு மீசோ. அது 53 டிகிரி அளவில் உருகும்.

மீசோ இரண்டு வழியில் வரும். நொதிகலத்தில் டி-அமிலம் செய்யும் இனம் கலந்திருக்கலாம்; லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்னும் பாக்டீரியா இனம் இரண்டையும் கலந்தே செய்யும். அல்லது 200 டிகிரியில் நெடுநேரம் வைத்ததில் எல் வடிவம் புரண்டிருக்கலாம். சோடியமும் பொட்டாசியமும் மிஞ்சினால் இது விரைவாகும். எதுவென்று அறிய, குளிர்பெட்டியில் இருக்கும் நொதிச்சாற்றுப் புட்டியை எடுத்து நொதிச் சோதனைக் கருவித்தொகுதியில் டி அளவைப் பாருங்கள். செறிந்த அமிலத்தை, முனைவுற்ற ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் வைத்து முடிவெடுக்க வேண்டாம். எல்-லாக்டிக் அமிலம் வலப்புறம் திருப்பும். அதன் எஸ்டர்களும் இணைந்த வடிவங்களும் இடப்புறம் திருப்பும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, இல்லாத கலப்படத்தைக் காட்டும்.

வெற்றிடம் திடீரென்று மாறினால் குளிர்விப்பானைப் பாருங்கள். குளிர்நீர் ஓடினால் லாக்டைடு உள்ளேயே உறைந்து குழாயை அடைக்கும். 100 டிகிரி எண்ணெயைச் சுற்றவிட்டுத் திரவமாகவே பெற்றுக்கொள்ளுங்கள். அடைத்த குழாயோடு சூட்டைத் தொடர்வது ஆபத்து. முதலில் சூட்டை நிறுத்துங்கள்.

ஜிப்சம் கொட்டகைக்குப் பின்னால் குவிகிறது

தோட்டத்து மண்ணுக்கு ஜிப்சம் நல்லதுதானே, கொட்டிவிடலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூடாது. இரசாயன ஆலையிலிருந்து வரும் கழிவு ஜிப்சம், மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 205 என்ற குறியீட்டில் வருகிறது. 180 நாள்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்க முடியாது. கேக்கை நன்றாகக் கழுவி, வடியவிட்டு, தேதியும் குறியீடும் ஒட்டிய பைகளில், மழை படாத கூரைக்கடியில் அடுக்குங்கள். எடையை அன்றன்றே பதிவேட்டில் எழுதி, உரிமம் பெற்ற வண்டியில் மட்டும் அனுப்புங்கள்.